பிழைத் திருத்தம்தானே, அப்படியே போட்டுவிடலாமா?

கேள்வி சுருக்கமாக இது. ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட். தேதி, சரம் (எழுத்துத் தொடர்), பட்டியல் என எல்லாவற்றுக்கும் ஒரே யுடிலிட்டி லைப்ரரி, அதாவது பிறர் எழுதித் தந்த ஃபங்ஷன்களின் தொகுப்பு. 3 வருடமாக 2.3.1-லேயே ஓடுகிறது. இப்போது 2.9.4 வந்திருக்கிறது; 'பிழைத் திருத்தங்கள் மட்டும்' என்று சொல்லி 14 வரி கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று, மாதக் கடைசி நாளோடு ஒரு மாதம் கூட்டினால் தப்பான தேதி வந்ததைச் சரிசெய்துவிட்டோம் என்பது. அந்தப் பிழையை நீங்கள் எப்போதோ பார்த்து, உங்கள் பக்கத்தில் 2 வரி எழுதிச் சமாளித்து வைத்திருக்கிறீர்கள். முதல் எண் மாறவில்லை, அதனால் எதுவும் உடையாது என்கிறார் உங்களுடன் வேலை செய்பவர். அப்படியே அப்டேட் போடலாமா?

போடலாம். போடவும் வேண்டும், 3 வருடம் ரொம்ப அதிகம். ஆனால் அந்த 2 வரியைத் திறந்து பார்க்காமல் போடாதீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தாலும் ஊகித்துவிடலாம், ஏனென்றால் இந்த நோய்க்கு எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மருந்தைத்தான் எழுதுகிறார்கள்.

ஜாவாஸ்கிரிப்டின் டேட் பொருளில் (ஆப்ஜெக்டில்) 2023 ஜனவரி 31-ஐ வைத்து மாதத்தை மட்டும் ஒன்று கூட்டுங்கள். பிப்ரவரி 31 என்று ஒரு நாள் கிடையாது. மிச்சமுள்ள 3 நாள் வழிந்துபோய் மார்ச் 3 வந்து நிற்கும். லீப் வருடமாக இருந்தால் மார்ச் 2. உங்கள் லைப்ரரியின் பழைய வெர்ஷன் இதை அப்படியே வாங்கித் திருப்பிக் கொடுத்திருக்கும். அதற்கு நாம் எல்லோரும் போடும் கட்டு இதுதான்: 'கூட்டுவதற்கு முன் இருந்த நாள் எண் கூட்டிய பிறகு மாறிவிட்டதா? மாறியிருந்தால் நாளை 0 என்று வை.' நாள் 0 என்றால் முந்தைய மாதத்தின் கடைசி நாள். ஆக மார்ச் 3 என்பது பிப்ரவரி 28 ஆகிவிடும். கச்சிதமான தந்திரம், நானும் பல இடத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்போது லைப்ரரியில் பிழையைத் திருத்திவிட்டார்கள். ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் அதுவே பிப்ரவரி 28 கொடுக்கிறது. ஆனால் உங்கள் 2 வரி இன்னும் அங்கேயே காவலுக்கு நிற்கிறது. 31 இருந்தது, இப்போது 28, மாறிவிட்டது, சரி, நாளை 0 ஆக்கு. பிப்ரவரிக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் எது? ஜனவரி 31. ஒரு மாதம் கூட்டச் சொன்னீர்கள், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. இது தவணைத் தேதிகளை வரிசையாக உருவாக்கும் ஒரு லூப்புக்குள் இருந்தால், 'முடிவுத் தேதி வரும்வரை ஓடு' என்று எழுதியிருந்தால், அந்த லூப் முடியவே முடியாது. மாதத்தின் 15-ஆம் தேதியில் டெஸ்ட் செய்தால் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும்.

லைப்ரரி செய்தது சரி. நீங்கள் அன்று எழுதியதும் சரி. இரண்டு சரியும் சேர்ந்துதான் ஒரு தப்பைப் பெற்றெடுக்கின்றன. பிழைத் திருத்தம் என்றாலே எனக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான்: இந்தப் பிழையோடு குடித்தனம் நடத்த நம் நிரல் இதுவரை என்னென்ன செய்துகொண்டிருந்தது? புதிய லைப்ரரியில் என்ன உடைந்திருக்கும் என்று தேடுவதைவிட, நம் பக்கத்தில் எந்தக் கட்டு இனித் தேவையில்லை என்று தேடுவது பல நேரம் சீக்கிரம் பலன் தரும்.

சரி, வெர்ஷன் எண் என்னதான் உறுதி தருகிறது? செமான்டிக் வெர்ஷனிங் என்ற முறையை எழுதி வைத்தவர் டாம் பிரஸ்டன்-வெர்னர், கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் முதல் எண், ஒத்துப்போகும் புது வசதி வந்தால் நடு எண், ஒத்துப்போகும் பிழைத் திருத்தம் வந்தால் கடைசி எண். பிழைத் திருத்தம் என்றால் தவறான நடத்தையைச் சரிசெய்யும் உள் மாற்றம் என்றும் அதிலேயே விளக்கம் இருக்கிறது. இதில் 'தவறான' என்று யார் சொல்வது? லைப்ரரியை எழுதியவர். அவர் தவறு என்று நினைத்த ஒன்றை நீங்கள் 3 வருடமாக சாதாரண நடத்தை என்று எடுத்துக்கொண்டு மேலே கட்டிடம் கட்டியிருக்கலாம். எண்ணைப் போட்டவரும் பொய் சொல்லவில்லை. எண் அவருடைய எண்ணத்தைச் சொல்கிறது, உங்கள் நிரலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. முதல் எண் 0 என்று இருந்தால் கதையே வேறு: 0 என்று தொடங்கும் வெர்ஷனில் எப்போது வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் மாறலாம் என்று அதே விதி சொல்கிறது.

இதை மென்பொருள்காரர்கள் ஹைரம் விதி என்பார்கள், கூகுளில் பொறியாளராக இருந்த ஹைரம் ரைட்டின் பெயரில். ஒரு லைப்ரரியைப் போதுமான பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், ஆவணத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்பது அதன் சாரம்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2010-இல் நடந்தது. லினக்ஸில் கிட்டத்தட்ட எல்லா நிரலுக்கும் அடியில் இருக்கும் ஜிலிப்சி லைப்ரரியில், நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற ஃபங்ஷனை வேகப்படுத்தினார்கள். புதிய வடிவம் சில சமயம் பின்னாலிருந்து முன்னால் நகலெடுத்தது. நகலெடுக்கும் இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது, படியும் என்றால் மெம்மூவ் என்ற வேறு ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்பது பல காலமாக உள்ள விதி. ஆனால் அன்று வலைத்தளங்களில் வீடியோ ஓட்டிய ஃபிளாஷ் பிளேயர் அந்த விதியை மீறியிருந்தது. முன்னாலிருந்து பின்னால் நகலெடுத்தவரை மீறல் வெளியே தெரியவில்லை. லினக்ஸ் விநியோகங்களில் ஒன்றான ஃபெடோரா 14 போட்டவர்களுக்குத் திடீரென்று வீடியோக்களில் ஒலி கரகரத்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த விவாதத்தில் இறங்கினார். விதிப் புத்தகம் என்ன சொல்கிறது என்பதைவிட, பயனருக்கு ஓடிக்கொண்டிருந்தது ஓடாமல் போனதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. கடைசியில் ஜிலிப்சி 2.14-இல் பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தை, புதிதாகத் தொகுக்கும் நிரல்களுக்குப் புது நடத்தை என்று இரண்டையும் வைத்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் நான் லைப்ரரி பக்கம்தான். ஆனால் கரகரத்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்?

என் சொந்தக் கதை ஒன்றும் உண்டு. நான் முன்பு இருந்த குழு ஒன்றில் சரங்களைக் கையாள ஒரு சிறிய லைப்ரரி வைத்திருந்தோம். ஒரு சரத்தை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று சொன்னால் வெட்டித் தரும் ஃபங்ஷன் அதில் ஒன்று. அது எழுத்தை எண்ணவில்லை, யூனிகோட் குறியீடுகளை எண்ணியது. 'கொக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது 3 எழுத்து: கொ, க், கு. கணினிக்கு 6 குறியீடு: க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. 3-இல் வெட்டு என்றால் 'கொக' என்று கிடைக்கும். புள்ளி போய்விடும். தமிழ்ப் பெயர்களின் வால் எல்லாம் இப்படி அறுபட்டு அசிங்கமாக வந்துகொண்டிருந்தது, நாங்களும் பழகிவிட்டோம்.

ஒரு நாள் பேட்ச், அதாவது பிழைத் திருத்த வெளியீடு, வந்தது. குறிப்பில் ஒரே வரி: எழுத்துகளை இனிச் சரியாக எண்ணுகிறது. எங்களுக்கு மகிழ்ச்சி என்றால் மகிழ்ச்சி. அன்றே போட்டோம். டெஸ்ட் அத்தனையும் தேறியது. இரவு பார்த்தால் பதிவுகள் தோல்வியடைந்துகொண்டே இருக்கின்றன, அதுவும் சிலருக்கு மட்டும். பெயரை 40-இல் வெட்டி, 40 குறியீடு கொள்ளும் ஒரு தரவுத்தள நெடுவரிசையில் சேமித்துக்கொண்டிருந்தோம். பழைய ஃபங்ஷன் 40 என்றால் 40 குறியீடு, அப்படியே பொருந்தியது. புதிய ஃபங்ஷனுக்கு 40 என்றால் 40 எழுத்து. தமிழில் 40 எழுத்து 80 குறியீடு வரைகூடப் போகும். பெயர் நீளமாக இருந்தால் தரவுத்தளம் வாங்க மறுத்தது. எங்கள் டெஸ்ட் தரவு முழுக்க ஆங்கிலப் பெயர்கள். ஆங்கிலத்தில் எழுத்தும் குறியீடும் ஒன்றுதான், அதனால் ஒரு டெஸ்ட்கூட விழவில்லை. தமிழில் யோசித்துக்கொண்டு ஆங்கிலத்தில் டெஸ்ட் எழுதியதற்குக் கிடைத்த கூலி.

அங்கே உண்மையில் யார் தப்பு? அந்த ஃபங்ஷனிடம் நாங்கள் கேட்டது 'படிப்பவருக்கு அழகாக வெட்டிக் கொடு' என்பது. எங்களுக்குத் தேவைப்பட்டதோ 'இந்தப் பெட்டிக்குள் அடங்கும்படி வெட்டிக் கொடு'. பழைய பிழை இந்த இரண்டு வேலையையும் ஒன்றுபோலக் காட்டிவிட்டது. திருத்தம் வந்ததும் இரண்டும் பிரிந்துவிட்டன. இதில் க்ஷ-வை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்ற சண்டை தனி. அதை இங்கே இழுக்கவில்லை.

சரி, உங்கள் 14 வரிக்கு வருவோம். திருத்தக் குறிப்பைப் படிக்கும்போது நான் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான் கேட்பேன்: முன்பு அந்த இடத்தில் என்ன வந்தது, இப்போது என்ன வருகிறது?

முன்பு எரர் வந்தது, இப்போது விடை வருகிறது என்றால் பெரும்பாலும் கவலையில்லை. எரர் விழுந்த இடத்தை நம்பி யாரும் கட்டிடம் கட்டுவதில்லை. ஜாவாவின் பைனரி சர்ச் (வரிசையான பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை) கதை இந்த வகை. இரண்டு எல்லைகளைக் கூட்டி 2-ஆல் வகுத்து நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கும் அந்த வரி, பட்டியலில் 2-இன் 30-ஆம் அடுக்கு அளவுக்கு, அதாவது சுமார் 107 கோடி உறுப்புகள் இருந்தால், கூட்டல் நிரம்பி வழிந்து எதிர்ம எண்ணாகி எரர் அடித்தது. ஜாவாவின் அந்த லைப்ரரியை எழுதிய ஜாஷுவா பிளாக்கே 2006-இல் இதை வெளியே சொன்னார். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் ஒரு அல்காரிதத்தில் பல வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்த பிழை. திருத்தியதால் யாருக்கும் நஷ்டமில்லை.

முன்பு ஒரு விடை, இப்போது வேறு விடை என்றால் நின்று படியுங்கள். உங்கள் மாதம் கூட்டும் பிழை, என் கொக்கு எல்லாம் இந்த வகை. குறிப்பில் இதைக் காட்டிக்கொடுக்கும் சில சொற்கள் உண்டு. 'கரெக்ட்லி', 'கன்சிஸ்டென்ட்', 'நவ் ரிட்டர்ன்ஸ்', 'நோ லாங்கர்' ஆகியவை கண்ணில் பட்டால் கை தானாக நிற்க வேண்டும். அதிலும் 'கன்சிஸ்டென்ட்' மோசமானது. இதுவரை இரண்டு ஃபங்ஷன்கள் இரண்டு விதமாக நடந்தன, இனி ஒரே விதம் என்று பொருள். எந்த விதத்தை விட்டுவிட்டார்கள் என்று குறிப்பில் பெரும்பாலும் இருக்காது. திருத்தத்தோடு சேர்ந்து வந்த டெஸ்ட்டைத் திறந்து பாருங்கள். குறிப்பில் அரை வரியில் சொன்னதை டெஸ்ட்டில் உள்ளீடும் விடையுமாக எழுதி வைத்திருப்பார்கள். நான் பல நேரம் குறிப்பை விட்டுவிட்டு நேராக டெஸ்ட்டுக்குத்தான் போகிறேன்.

முன்பு விடை வந்தது, இப்போது எரர் வருகிறது, அல்லது குப்பை வருகிறது என்றால் அது நம் தப்பை லைப்ரரி கண்டுகொள்ளத் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். ஜாவா 7-இல் பட்டியலை வரிசைப்படுத்தும் முறையை டிம்சார்ட்டுக்கு மாற்றியபோது இது நடந்தது. டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக எழுதிய முறை அது. அதுவரை ஒப்பீட்டு ஃபங்ஷனைக் கன்னாபின்னாவென்று எழுதியிருந்தாலும் ஏதோ ஒரு வரிசை கிடைத்தது. புதிய முறை முரண்பாட்டைப் பார்த்துவிட்டால், உன் ஒப்பீடு விதியை மீறுகிறது என்று எரர் வீசியது. ஜாவாஸ்கிரிப்டிலும் இதன் உறவினர் ஒருவர் உண்டு. ஒப்பீட்டு ஃபங்ஷன் எதிர்மம், 0, நேர்மம் என்று மூன்றில் ஒன்றைத் தர வேண்டும். நிறையப் பேர் 'அ பெரியதா' என்று கேட்டு, உண்மை அல்லது பொய்யை மட்டும் திருப்பி அனுப்புகிறார்கள். குரோமில் 10 உறுப்பு வரையிலான பட்டியல்களுக்குப் பழைய முறையில் இது தற்செயலாக ஓடிக்கொண்டிருந்தது. 2018-இல் குரோம் 70-உடன் வரிசைப்படுத்தும் முறை மாறியதும், எரர் எதுவும் இல்லாமலே பட்டியல்கள் வரிசை தப்பி நின்றன. எரர் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அன்று நினைத்தவர்கள் ஏராளம். உங்கள் நிரலில் வரிசைப்படுத்தும் இடங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள், லைப்ரரி அப்டேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும்.

விடை அதேதான், ஆனால் வேகமோ நினைவகச் செலவோ மாறிவிட்டது என்று இன்னொரு வகை இருக்கிறது. ஜாவா 7-இன் 6-ஆவது அப்டேட்டில், ஒரு சரத்திலிருந்து துண்டு எடுத்தால் மூலச் சரத்தையே பகிர்ந்துகொள்வதை விட்டுவிட்டுத் துண்டைத் தனியாக நகலெடுக்கத் தொடங்கினார்கள். முன்பு 10 எழுத்துத் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தால் அதன் பின்னால் பல மெகாபைட் மூலச் சரமும் நினைவகத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கசிவு நின்றது. ஆனால் பெரிய கோப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் படித்த நிரல்கள் மந்தமாயின. எந்த டெஸ்ட்டும் இதைப் பிடிக்காது.

பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வேறு சாதி. அதில் யோசிக்க நேரம் கிடையாது. லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் யுடிலிட்டி லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் தரவை ஒரு பொருளுக்குள் ஆழமாகக் கலக்கும் அதன் மெர்ஜ், டிஃபால்ட்ஸ்டீப் போன்ற ஃபங்ஷன்களுக்கு, தந்திரமாகச் சாவிப் பெயர் வைத்த தரவைக் கொடுத்தால், அது எல்லாப் பொருள்களுக்கும் தாயான புரோட்டோடைப்பிலேயே போய் எழுதிவிடும். அதன் பிறகு நிரலில் எங்கே எந்தப் பொருளைத் தொட்டாலும் அந்தக் கலப்படம் தெரியும். 4.17.5-இல் ஒரு வழியை அடைத்தார்கள். 4.17.11-இல் இன்னொரு வழி. 4.17.12-இல் டிஃபால்ட்ஸ்டீப்பில் மிச்சமிருந்த வழி. எல்லாமே கடைசி எண் மட்டும் மாறிய வெளியீடுகள். 'சின்ன அப்டேட்தானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டவர்கள் திறந்த கதவோடு இருந்தார்கள்.

பாதுகாப்புத் திருத்தம் ஒரே தடவையில் முடிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பதிவுக் குறிப்பு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டை வெடித்தபோது 2.15.0 வந்தது. அது போதவில்லை என்று 2.16.0. அதிலும் ஒன்று என்று 2.17.0. பிறகு 2.17.1. ஒரே மாதத்துக்குள் 4. முதல் நாளே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் மறுபடி மறுபடி எழுந்து வர வேண்டியிருந்தது. அப்படி எழுந்து வருவதற்கு ஒரு அப்டேட்டைப் போட்டு வெளியிட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அங்கே கேள்வி. 3 வருடம் தொடாமல் வைத்திருப்பவருக்கு ஒரு நாள் அவசரம் வந்தால், பாதுகாப்புத் திருத்தத்தோடு 3 வருட மாற்றங்களும் மூட்டையாகச் சேர்ந்து வரும்.

பாதுகாப்பு சம்பந்தப்படாத அப்டேட்டுக்கு நான் ஒரு வாரம், 10 நாள் பொறுத்திருப்பேன். 2020 ஏப்ரலில் இஸ்-பிராமிஸ் என்ற, சில வரிகளே கொண்ட லைப்ரரி ஒன்றில் 2.2.0 வந்தது. அதன் தொகுப்பு அமைப்பில் ஒரு தவறு. ரியாக்ட் ப்ராஜெக்ட் தொடங்கும் கருவி உட்படப் பல கருவிகள் அன்று நின்றுபோயின. சில மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். ஒரு நாள் தாமதமாக வந்தவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. 2024-இல், தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 இரண்டிலும் வேண்டுமென்றே வைத்த பின்கதவு இருந்தது. தொலைநிலை லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதிப்பதைப் பார்த்து ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடித்தார். நிதானமாக நகரும் லினக்ஸ் விநியோகங்கள் அந்த வெர்ஷனுக்கு இன்னும் வந்திருக்கவில்லை, தப்பித்தன.

இப்போது உங்கள் வேலை. முதலில் ஒரு விஷயம்: உங்கள் பேக்கேஜ் கோப்பில் 2.3.1-க்கு முன்னால் கேரட் குறி (^) இருக்கிறதா என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவியான என்பிஎம் தானாகப் போடுவது அதைத்தான். அந்தக் குறிக்கு '3.0.0-க்குக் கீழே எது வந்தாலும் சரி' என்று பொருள். டில்டே குறி (~) என்றால் 2.4.0-க்குக் கீழே மட்டும். கேரட் இருந்தும் நீங்கள் இன்னும் 2.3.1-இல் இருப்பதற்கு ஒரே காரணம் லாக் ஃபைல், அதாவது எந்த பேக்கேஜுக்கு எந்த வெர்ஷன் என்று துல்லியமாகப் பதிந்துவைக்கும் கோப்பு. யாராவது ஏதோ குழப்பத்தில் அந்த ஃபைலையும் ஏற்கெனவே இன்ஸ்டால் ஆன பேக்கேஜ்களையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தால், யாரையும் கேட்காமல் 2.9.4 வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் அப்டேட் ஒரு டெலிட் தூரத்தில்தான் இருக்கிறது. சர்வரில் இன்ஸ்டால் செய்யும் இடத்தில் 'என்பிஎம் சிஐ' கட்டளையைப் பயன்படுத்துங்கள். அது லாக் ஃபைலை அப்படியே மதிக்கும், பேக்கேஜ் கோப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் நின்றுவிடும்.

அடுத்து, 'என்பிஎம் எல்எஸ்' போட்டு அந்த லைப்ரரியின் எத்தனை பிரதிகள் உள்ளே இருக்கின்றன என்று பாருங்கள். நீங்கள் பயன்படுத்தும் வேறு ஏதாவது பேக்கேஜ் தன் பங்குக்கு ஒரு பழைய பிரதியை வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் இரண்டும் அருகருகே வாழும், இடம்தான் விரயம். பாதுகாப்புத் திருத்தம் என்றால் மட்டும் அந்த இரண்டாவது பிரதியையும் துரத்த வேண்டும். ஜாவாவில் இந்தச் சலுகை கிடையாது. குவாவா என்ற ஜாவா லைப்ரரியின் இரண்டு வெர்ஷன்கள் மோதி, தொகுக்கும்போது இருந்த மெத்தட் ஓடும்போது காணாமல் போவதைப் பார்த்தவர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

பிறகு அந்த லைப்ரரியிலிருந்து நீங்கள் உண்மையில் எத்தனை ஃபங்ஷன்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். நான் ஒரு ப்ராஜெக்டில் எண்ணியபோது 9 வந்தது. எல்லோரும் ஐம்பதாவது இருக்கும் என்று நினைத்திருந்தோம். 14 வரியில் உங்கள் பட்டியலைத் தொடும் வரிகள் 3 இருந்தால் அதிகம், மீதியைக் கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அந்த 14 வரி 2.9.4-க்கு மட்டும் உரியது. 2.3.1-க்கும் அதற்கும் நடுவில் வந்த எல்லா வெளியீடுகளின் குறிப்பையும் படிக்க வேண்டும். ஒரு மாலை போதும்.

நீங்கள் கூப்பிடும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், அப்டேட் செய்வதற்கு முன்பே, இன்று என்ன விடை வருகிறதோ அதை அப்படியே பதிந்துவைக்கும் டெஸ்ட் எழுதுங்கள். அந்த விடை சரியா தவறா என்று இப்போது பார்க்க வேண்டாம். உள்ளீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்: மாதக் கடைசி, பிப்ரவரி 29, வெற்றுச் சரம், வெற்றுப் பட்டியல், தமிழ்ப் பெயர், எமோஜி, எதிர்ம எண், 0. பிறகு வெர்ஷனை மாற்றி ஓட்டுங்கள். எந்த டெஸ்ட் விழுகிறதோ அதுதான் உங்களுக்கான உண்மையான திருத்தக் குறிப்பு.

இடையில் எந்த வெளியீட்டில் ஒரு நடத்தை மாறியது என்று தெரியாவிட்டால் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். நடுவில் 30 வெளியீடு இருந்தாலும் 5 தடவை சோதித்தால் அகப்பட்டுவிடும். லைப்ரரி அப்டேட்டைத் தனி கமிட்டாகப் போடுங்கள், வேறு எந்த மாற்றமும் அதில் கலக்க வேண்டாம். திரும்பிப் போக வேண்டி வந்தால் அந்த ஒன்றை மட்டும் உருவி எடுக்கலாம்.

இந்த லைப்ரரியே இனித் தேவையா என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவர் நீக்கியதும் பெரிய பெரிய ப்ராஜெக்டுகளின் பில்டு உடைந்தது. அது செய்த வேலை, சரத்தின் இடப்பக்கம் நிரப்புவது, அடுத்த வருடமே ஜாவாஸ்கிரிப்ட் தரத்துக்குள் வந்துவிட்டது. பல காலம் தேதிக்கு எல்லோரும் நம்பிய மொமெண்ட் லைப்ரரியை எழுதியவர்களே 2020-இல், இனிப் புது ப்ராஜெக்டுகளுக்கு இது வேண்டாம், பராமரிப்பு மட்டும் செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் இதை அப்டேட்டோடு கலக்காதீர்கள். முதலில் 2.9.4. எடுத்து எறிவது இன்னொரு நாள்.

கடைசியாக அந்த 2 வரி. அப்டேட்டுக்கு முன்பே, பழைய வெர்ஷன் இருக்கும்போதே அதை மாற்றிவிடுங்கள். இப்போது அது கேட்பது 'நாள் எண் மாறிவிட்டதா' என்று. அதற்குப் பதிலாக 'எதிர்பார்த்த மாதத்தைத் தாண்டிவிட்டதா' என்று கேட்கட்டும். ஜனவரியோடு ஒன்று கூட்டினால் பிப்ரவரி வர வேண்டும். மார்ச் வந்திருந்தால் மட்டும் நாளை 0 ஆக்கு. டிசம்பரோடு கூட்டும்போது அடுத்தது ஜனவரி என்பதைக் கவனித்து எழுதுங்கள். பழைய லைப்ரரி மார்ச் 3 கொடுத்தால் இந்தக் கட்டு வேலை செய்யும். புதிய லைப்ரரி பிப்ரவரி 28 கொடுத்தால் சும்மா ஒதுங்கி நிற்கும். இரண்டு வெர்ஷனிலும் ஒரே விடை. இதை முதலில் வெளியிடுங்கள், சில நாள் ஓடட்டும், பிறகு வெர்ஷனை ஏற்றுங்கள், அதற்கும் பிறகு கட்டை அவிழ்த்து எறியுங்கள். மாதம் மாதமாகக் கூட்டிக்கொண்டே போகும் லூப் இருந்தால் இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது: ஜனவரி 31, பிப்ரவரி 28, அதற்கு மேல் ஒன்று கூட்டினால் மார்ச் 28. ஜனவரி 31-உடன் நேராக 2 மாதம் கூட்டினால் மார்ச் 31. இதில் எதை உங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்று லைப்ரரிக்குத் தெரியாது. அந்த லூப்பை எப்போதும் தொடக்கத் தேதியிலிருந்தே கூட்டும்படி மாற்றிவிடுங்கள். கட்டுக்கு மேலே எந்த வெர்ஷனில் என்ன பிழைக்காக இது எழுதப்பட்டது என்று ஒரு வரி குறிப்பும் போட்டு வையுங்கள். 3 வருடம் கழித்து இதே இடத்தைத் திறப்பவர் நீங்களாகக்கூட இருக்கலாம்.